சாக்கைத் தேடும் முன் டப்பாவைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுப் பூனை திடீரென லிட்டர் பாக்ஸை (மலஜலம் கழிக்க மணல் போன்ற லிட்டர் துகளை நிரப்பி வைக்கும் டப்பாவை) விட்டுவிட்டு மெத்தையிலும் சோபாவிலும் போக ஆரம்பித்தால் நம் ஊரில் மூன்று வைத்தியம் செய்கிறார்கள். பூனையின் மூக்கை அந்த ஈரத்தில் வைத்துத் தேய்ப்பது முதலாவது. பினாயில் ஊற்றிக் கழுவி, மூலைக்கு மூலை அந்துருண்டை போடுவது இரண்டாவது. இரண்டும் பலிக்காவிட்டால் சாக்கில் கட்டி மீன் மார்க்கெட் பக்கம் விட்டுவிட்டு வருவது. முதலாவது வீண், இரண்டாவது விஷம், மூன்றாவது சட்டப்படி குற்றம். பூனை வளர்ப்போர் கால்நடை மருத்துவர்களிடம் அடிக்கடி கொண்டுவரும் புகார் இது. பெரும்பாலும் சரிசெய்துவிடக் கூடியது. ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம். இடம் போதாமல் வெட்டுவதானால், கடுவன் பூனையின் அடைப்பு பற்றிய பத்தியை மட்டும் வெட்டிவிட வேண்டாம்.

பூனை வீம்புக்குச் செய்கிறது என்பதுதான் முதலில் கேட்கும் குற்றச்சாட்டு. நாலு நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தோம், அந்தக் கோபத்தில் என் தலையணையில் போய்விட்டது என்பார்கள். அப்படிக் கணக்குத் தீர்க்கப் பூனைக்குத் தெரியாது. வீட்டுப் பூனையின் மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை. வறண்ட நிலத்து விலங்கு. பொலபொலவென்ற மண்ணைப் பறித்து, காரியத்தை முடித்து, மூடிவிட்டு நகர்வது அதன் பிறவிக் குணம். நாலைந்து வாரக் குட்டியை மணலில் விட்டால் யாரும் சொல்லித் தராமலே பிறாண்டத் தொடங்கும். அப்படிப்பட்ட பழக்கத்தை ஒரு பூனை விடுகிறதென்றால், அங்கே போனால் அதற்கு வலிக்கிறது, அல்லது அருவருப்பாக இருக்கிறது, அல்லது பயமாக இருக்கிறது. சரி, ஏன் மெத்தை? மிருதுவாக இருக்கிறது, ஈரத்தை உடனே உறிஞ்சுகிறது, உயரத்திலிருந்து நாலு பக்கமும் பார்க்க முடிகிறது, வீட்டு மனிதரின் வாசனையும் இருக்கிறது. பூனையின் கண்ணில் அது முதல் தரமான கழிப்பிடம். மூக்கைத் தேய்த்தால் அது கற்றுக்கொள்வது, இந்த ஆள் பார்க்கும்போது போகக்கூடாது என்பதை மட்டும்தான். அடுத்த முறை பீரோவுக்குப் பின்னால் போகும்.

ஆகவே முதலில் உடம்பு. கடுவன் பூனை அடிக்கடி டப்பாவுக்குப் போய்க் குந்தி, முக்கி, ஒரு சொட்டு இரண்டு சொட்டு மட்டும் விட்டோ ஒன்றுமே விடாமலோ எழுந்து வருகிறதா? கத்துகிறதா? பின்பக்கத்தை ஓயாமல் நக்குகிறதா? அப்படியானால் அது அவசரம். கடுவனின் சிறுநீர்க்குழாய் நுனியில் மிகவும் குறுகல். பொடிப் படிகங்களும் சளியும் திரண்டு அங்கே அடைத்துக்கொள்ளும். சிறுநீர் பின்னுக்குத் தேங்கி, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, இதயத் துடிப்பு தாறுமாறாகும். முழுதாக அடைத்துக்கொண்ட பூனை இரண்டு மூன்று நாளில் இறந்துபோகும். வாந்தியும் சோர்வும் தொடங்கிவிட்டால் அவகாசம் இன்னும் குறைவு. வீட்டில் இதை மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் ஊட்டுகிறார்கள். சிலர் வயிற்றை அமுக்கிவிடுகிறார்கள். கல்லாக வீங்கியிருக்கும் மூத்திரப்பை அமுக்கினால் கிழியும். வலியில் துடிக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுப்பது எல்லாவற்றிலும் மோசம். ஒரே ஒரு 500 மி.கி. மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும். இரவாக இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மயக்கம் கொடுத்து, மெல்லிய கதீட்டர் விட்டு அடைப்பை நீக்கி, டிரிப்ஸ் ஏற்றுவதுதான் சிகிச்சை. திரும்பவும் அடைக்கக்கூடும் என்பதால் வீட்டுக்கு வந்த முதல் வாரம் டப்பாவில் சிறுநீர் பட்டு இறுகிய லிட்டர்க் கட்டி எத்தனை விழுகிறது என்று எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்தக் கட்டி எண்ணும் வேலை எந்தப் பூனைக்கும் நல்லது. சிறுநீர் பட்டால் கட்டியாகும் பெண்டோனைட் என்ற களிமண் லிட்டரின் பெரிய லாபமே இதுதான். ஆரோக்கியமான பூனை நாளுக்கு இரண்டிலிருந்து நாலு தடவை சிறுநீர் கழிக்கும், ஏறக்குறைய ஒரு தடவை மலம். கோலிக்குண்டு அளவில் நிறையக் கட்டிகள் கிடந்தால் மூத்திரப்பையில் எரிச்சல் இருக்கிறது. வழக்கத்தைவிடப் பெரிய கட்டிகள், கூடவே தண்ணீர்க் கிண்ணம் சீக்கிரம் காலியாகிறது என்றால் சிறுநீரகம், சர்க்கரை, தைராய்டு இவற்றில் ஒன்றைச் சந்தேகிக்க வேண்டும். இந்த நோய்களில் டப்பா சீக்கிரமே நனைந்து நாறிவிடும், பூனை வேறு இடம் தேடும். பெர்ஷியன் பூனை வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் பெருகும் பரம்பரை நோய் அந்த இனத்தில் அதிகம். ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும்.

இளம், நடுத்தர வயதுப் பூனைகளில் நாங்கள் அதிகம் பார்ப்பது கிருமியே இல்லாத மூத்திரப்பை அழற்சி. இடியோபதிக் சிஸ்டைட்டிஸ் என்பார்கள். ரத்தம் கலந்த சிறுநீர், அடிக்கடி குந்துதல், டப்பாவுக்கு வெளியே போதல் எல்லாம் இருக்கும். சிறுநீரைக் கல்ச்சர் செய்து, அதாவது கிருமி வளர்த்துப் பார்த்தால், ஒன்றும் வளராது. ஒரு வாரத்துக்குள் பெரும்பாலும் தானாகவே அடங்கும். அதனால்தான் எந்த ஆன்டிபயாடிக் கொடுத்தாலும் கேட்டது போலத் தெரிகிறது. இரண்டு மாதம் கழித்துத் திரும்பவும் வருகிறது. அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் டோனி பஃபிங்டன் இந்த நோயைப் பல ஆண்டு ஆராய்ந்து, மூத்திரப்பையை மட்டும் பார்த்துப் பயனில்லை, பூனை வாழும் சூழலின் நெருக்கடியைக் குறைக்க வேண்டும் என்று காட்டினார். நம் வீடுகளில் அந்த நெருக்கடி எப்போது வரும் என்று காலண்டரைப் பார்த்தே சொல்லலாம். தீபாவளி வெடிச் சத்தம், பொங்கலுக்கு முந்தைய வெள்ளையடிப்பு, கோடை விடுமுறைக்கு வந்திறங்கும் பிள்ளைகள். இவை போக, வீடு மாறுதல், புதுப் பூனை, கைக்குழந்தை. பூனை ஏறி ஒளிய உயரத்தில் ஒரு இடம், யாரும் தொந்தரவு செய்யாத ஓர் அறை, நேரம் தவறாத சாப்பாடு: இவ்வளவும் மருந்துதான்.

அதோடு தண்ணீர். பாக்கெட்டில் வரும் உலர்தீனியில் ஈரம் சுமார் 10 சதவீதம், ஈரத்தீனியில் 75 சதவீதத்துக்கு மேல். உலர்தீனியையே முழு உணவாகக் கொடுப்பவர்கள் அதில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி ஊறவைத்துக் கொடுக்கலாம். நம் வெயிலில் அரைமணிக்கு மேல் வைக்கக்கூடாது. நாலு கிலோ பூனைக்குச் சாப்பாட்டில் சேர்வதையும் சேர்த்து நாளுக்கு ஏறத்தாழ 200 மில்லி தண்ணீர் வேண்டும். கிண்ணம் அகலமாக, மீசை இடிக்காமல், சாப்பாட்டுத் தட்டிலிருந்து தள்ளி இருந்தால் கூடுதலாகக் குடிக்கும். உப்புக் கருவாடு வேண்டாம். பாலும் பல பூனைகளுக்கு ஆகாது. வயிற்றுப்போக்கு வந்து டப்பா வரை தாங்காது.

மூத்திரப்பைக் கல் இருந்தால் அது எந்த வகை என்று தெரிய வேண்டும். ஸ்ட்ரூவைட் கல்லைத் தனி உணவு கொடுத்தே கரைத்துவிடலாம். கால்சியம் ஆக்சலேட் கரையாது, எடுத்தாக வேண்டும். வாழைத்தண்டுச் சாறு ஊற்றி நாளைக் கடத்துவதில் அர்த்தமில்லை. பரிசோதனைக்குச் சிறுநீர் பிடிப்பது நினைப்பதைவிட எளிது. டப்பாவை நன்றாகக் கழுவிக் காயவைத்து, லிட்டருக்குப் பதிலாக மீன் தொட்டிக்குப் போடும் சின்னக் கூழாங்கற்களைக் கழுவிப் பரப்புங்கள். அது உறிஞ்சாது. பூனை போனதும் டப்பாவைச் சாய்த்து ஊசியில்லாத சிரிஞ்சால் 5 மில்லி எடுத்து, இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுபோக வேண்டும். முடியாவிட்டால் பிரிட்ஜில் வைக்கலாம். கிருமி வளர்த்துப் பார்க்க வேண்டுமானால் இது ஆகாது. மருத்துவர் மூத்திரப்பையிலிருந்து நேரடியாக ஊசியால் எடுப்பார்.

வயதான பூனையின் கதை வேறு. 12 வயதைத் தாண்டிய பூனைகளை எக்ஸ்ரே எடுத்தால் பத்தில் ஒன்பதுக்கு மூட்டுத் தேய்மானம் தெரியும் என்பது ஆய்வில் கண்டது. பூனை நொண்டாது, கத்தாது; குதிப்பதை மட்டும் நிறுத்திக்கொள்ளும். 15 செ.மீ. உயர விளிம்பைத் தாண்டி உள்ளே போவது அதற்குச் சுவர் ஏறுவதற்குச் சமம். டப்பாவின் ஒரு பக்கத்தை 6 செ.மீ. உயரத்துக்கு வெட்டி, வெட்டிய விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து மழுங்கச் செய்தால் அன்றைக்கே பிரச்சினை தீர்ந்த வீடுகள் உண்டு. நீள முடிப் பூனைகளுக்குப் பின்பக்க முடியில் மலம் ஒட்டி இழுக்கும். அந்த இழுப்பின் வலிக்கும் டப்பாவையே குற்றம் சொல்லும். பின்தொடையைச் சுற்றி முடியை மட்டமாக வெட்டிவிட்டால் போதும்.

டப்பாவுக்கு வருவதற்கு முன் ஒரு வித்தியாசத்தைச் சொல்லிவிட வேண்டும். குந்திப் போவது வேறு, பீய்ச்சுவது வேறு. நின்றபடி, வாலைத் தூக்கிப் படபடவென நடுக்கி, சுவரிலோ திரைச்சீலையிலோ கொஞ்சமாக அடிப்பது ஸ்ப்ரே. இது எல்லைக்கல் நடுவது. கழிப்பிடப் பிரச்சினையே இல்லை. டப்பாவை எப்படி மாற்றினாலும் நிற்காது. கருத்தடை செய்யாத கடுவன்தான் பெரும்பாலும் இப்படிச் செய்யும், சூட்டுக்கு வந்த பெட்டையும் செய்யும். கடுவன் மூத்திரத்தின் அந்தத் தனி நாற்றத்துக்கு ஃபெலினின் என்ற கந்தகம் கலந்த பொருள் காரணம். ஐந்தாறு மாதத்தில் கருத்தடை ஆபரேஷன் செய்துவிட்டால் பெரும்பாலான பூனைகள் இந்தப் பழக்கத்துக்கே வராது. ஆபரேஷனுக்குப் பிறகும் கடுவன்களில் பத்தில் ஒன்று, பெட்டைகளில் இருபதில் ஒன்று செய்யக்கூடும். அப்போது ஜன்னலுக்கு வெளியே பாருங்கள். காம்பவுண்டுச் சுவரில் தெருக் கடுவன் உட்கார்ந்திருக்கும். ஜன்னல் கண்ணாடியின் கீழ்ப்பாதியில் செய்தித்தாள் ஒட்டி மறைத்தாலே சண்டை பாதி குறையும்.

இனி டப்பா. கடைகளில் விற்கும் ட்ரே பெரும்பாலும் 40, 45 செ.மீ. நீளம்தான். மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை பூனையை அளந்து, அதில் ஒன்றரை மடங்கு நீளம் வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. வளர்ந்த பூனைக்கு 70 செ.மீ. வரும். பாத்திரக் கடையில் துணி, போர்வை வைக்கக் கிடைக்கும் பெரிய பிளாஸ்டிக் பெட்டியை வாங்கி, மூடியை எறிந்துவிட்டு, ஒரு பக்கத்தில் வாசல் வெட்டிக்கொள்வது மலிவும் சிறப்பும். பூனை உள்ளே முழுதாகத் திரும்ப முடியாவிட்டால் முன்கால் லிட்டரிலும் பின்பக்கம் வெளியிலுமாக நின்று, டப்பாவின் ஓரத்தில் தரையில் விட்டுவிடும். இந்தப் பூனைக்குச் சுத்தம் தெரியாமல் இல்லை, இடம் போதவில்லை.

லிட்டரின் ஆழம் 3 முதல் 5 செ.மீ. இதில்தான் பலர் கஞ்சத்தனம் காட்டுகிறார்கள். 60-க்கு 40 செ.மீ. டப்பாவில் 5 கிலோ பெண்டோனைட் பை ஒன்றைக் கொட்டினால் இரண்டு செ.மீ. சொச்சம்தான் வரும், இரண்டு பை வேண்டும். ஆழம் குறைந்தால் சிறுநீர் அடித்தட்டில் போய் அப்பிக்கொண்டு, சுரண்டினாலும் வராமல், அங்கேயே நாறும். வாசனை சேர்த்த லிட்டரை வாங்காதீர்கள். லாவெண்டரும் எலுமிச்சையும் வீட்டுக்காரரின் மூக்குக்குப் போடுவது. பூனையின் மூக்குக்கு அது அடி. மெல்லிய துகள், வாசனையில்லாத, கட்டியாகும் களிமண் வகையைப் பெரும்பாலான பூனைகள் விரும்புகின்றன. அமெரிக்காவில் எட்வர்ட் லோ என்பவர் 1947-ல் உலர்ந்த களிமண் துகளைப் பூனைக்கென விற்கத் தொடங்கும் வரை அங்கேயும் மணலும் சாம்பலும்தான். பெண்டோனைட் நமக்குத் தொலைவில் இல்லை; குஜராத்தின் கட்ச்சிலும் ராஜஸ்தானின் பார்மரிலும் வெட்டி எடுக்கிறார்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குட்டிகளுக்கு மட்டும் கட்டியாகும் வகை வேண்டாம், தின்று பார்க்கும்.

செலவைக் குறைக்கக் கட்டட மணல் போடுகிறவர்கள் நிறைய. சலித்து, கழுவி, வெயிலில் காயவைத்த ஆற்று மணலைப் பூனை ஏற்கும்; ஆனால் கட்டியாகாது என்பதால் வாரத்துக்கு இரண்டு தடவையாவது முழுதாக மாற்ற வேண்டும். எம்-சாண்ட் கருங்கல்லை உடைத்துச் செய்வது. துகள் கூர்மை, தூசும் அதிகம். பிறாண்டும் காலுக்கு அது சுகமில்லை. மரத்தூளில் தூசு, தென்னைநார்க் கழிவில் ஈரம் தங்கும். சோயாச் சக்கையில் செய்யும் டோஃபு லிட்டர் இப்போது நன்றாக விற்கிறது, தூசு இல்லை, எடை குறைவு. ஆனால் சோயாச் சக்கை ஐப்பசி கார்த்திகை ஈரக்காற்றில் பூஞ்சை பிடிக்கும், எறும்பு வரும். எறும்பு கடித்த டப்பாவுக்குப் பூனை திரும்பிப் போகாது. எந்த வகையானாலும், விலை குறைந்தது என்று ஒரே நாளில் மாற்றக்கூடாது. பழையதில் கால் பங்கு புதியதைக் கலந்து, பத்து நாளில் மெல்ல மாற்ற வேண்டும்.

சுத்தம் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. காலை, மாலை இரண்டு வேளையும் கட்டிகளை எடுத்துவிட வேண்டும், எடுத்த அளவுக்குப் புதிய லிட்டர் சேர்க்க வேண்டும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை முழுதாகக் கொட்டி, வாசனையில்லாத சோப்பும் வெந்நீரும் போட்டுக் கழுவி, நன்றாகக் காயவைத்து நிரப்பலாம். ஆண்டுக்கு ஒருமுறை டப்பாவையே மாற்றுங்கள், நகக் கீறலுக்குள் ஏறிய நாற்றம் கழுவினால் போகாது. எடுத்த கட்டிகளைக் கழிவறையில் கொட்டினால் பெண்டோனைட் குழாய்க்குள் ஊதி அடைத்துக்கொள்ளும். அபார்ட்மெண்டில் கீழ்வீட்டுக்காரரோடு சண்டைதான் மிச்சம்.

டப்பா வைக்கும் இடம்தான் நம் வீடுகளில் பெரிய கோளாறு. பெரும்பாலோர் பால்கனியில் வைக்கிறார்கள். சாயங்காலம் ஆறு மணிக்குக் கொசுவுக்காக பால்கனிக் கதவைச் சாத்தினால் காலை ஆறு மணிக்குத்தான் திறக்கிறார்கள். பன்னிரண்டு மணி நேரம் பூனை எங்கே போகும்? பகலில் கதவு திறந்திருந்தாலும் சித்திரை வெயிலில் தரை கொதிக்கும், மழையில் சாரலடித்து லிட்டர் சேறாகும். குளியலறையில் வைத்தால் ஈரம், யாராவது குளிக்கும்போது தாழ்ப்பாள். வாஷிங்மெஷின் பக்கத்தில் வைத்தால், பூனை குந்தியிருக்கும் நேரத்தில் மெஷின் சுற்றி உதறிய ஒரே ஒரு தடவை போதும், அந்த மூலையையே வெறுத்துவிடும். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலும் வைக்கக்கூடாது. ஹாலின் ஓரம், படுக்கையறை மூலை, கதவு சாத்தப்படாத நடை இவைதான் சரி. விருந்தாளி பார்த்தால் என்ன நினைப்பார் என்பது பூனையின் கவலை இல்லை. டப்பாவிலிருந்து வெளியேற இரண்டு வழியாவது இருக்க வேண்டும். முட்டுச்சந்தில் மாட்டிக்கொள்ள எந்தப் பூனையும் விரும்பாது. மூடி போட்ட டப்பாவைச் சில பூனைகள் பொருட்படுத்துவதில்லை. ஆனால் உள்ளே நாற்றம் தேங்கும், இன்னொரு பூனை வாசலில் பதுங்கி நின்று மறிக்கும். சந்தேகமாக இருந்தால் மூடியைக் கழற்றி இரண்டு வாரம் பாருங்கள்.

எத்தனை டப்பா? பூனைகளின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டிக்கொள்ள வேண்டும். அமெரிக்கப் பூனை மருத்துவர் சங்கமும் சர்வதேசப் பூனை மருத்துவச் சங்கமும் இந்தப் பிரச்சினைக்கென்றே 2014-ல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டி நெறிகளிலும் இதே கணக்குதான். மூன்று டப்பாவை ஒரே மூலையில் வரிசையாக வைத்தால் பூனைக்கு அது ஒரே டப்பாதான். வீட்டுத் தாதா ஒரு பூனை நடையில் படுத்துக்கொண்டு மற்றதை மறித்தால், மறிக்கப்பட்டது சோபாவில் போகும். அடிதடி எதுவும் நடக்காது. முறைப்பு ஒன்றே போதும் என்பதால் வீட்டார் கண்ணில் படாது.

பூனை டப்பாவில் நடந்துகொள்வதை இரண்டு நாள் கவனித்தாலே பாதி விடை கிடைக்கும். விளிம்பில் நாலு காலையும் வைத்து நின்று போகிறதா, லிட்டர் பிடிக்கவில்லை. மண்ணைத் தள்ளி மூடாமல் பக்கச் சுவரையும் தரையையும் பிறாண்டுகிறதா, காலை உதறிக்கொண்டு ஓடுகிறதா, அதுவும் லிட்டர்தான், அல்லது அழுக்கு. டைல்ஸிலும் குளியலறைச் சாக்கடை வாயிலும் போனால் வழவழப்பைத் தேடுகிறது. மிகக் கொஞ்சமாக லிட்டர் போட்ட ஒரு டப்பா வைத்துப் பாருங்கள். துணியில் மட்டும் போனால் மெல்லிய துகளுக்கு மாற்றுங்கள். சிறுநீர் உள்ளே, மலம் மட்டும் வெளியே என்றால் மலச்சிக்கலையோ டப்பா எண்ணிக்கையையோ சந்தேகியுங்கள். இரண்டுக்கும் வேறு வேறு இடம் கேட்கும் பூனைகள் உண்டு.

அடுத்து, ஏற்கனவே நனைந்த இடம். கறுப்பு பினாயிலில் ஃபீனால் வகைகள், வெள்ளையில் பைன் எண்ணெய், டெட்டால் வகைத் திரவங்களில் குளோரோசைலெனால். இவற்றை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. தரையில் நடக்கும், பாதத்தை நக்கும், நஞ்சு உள்ளே போகும். அந்துருண்டையின் நாப்தலீன் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். பிளீச்சிங் பவுடரைச் சிறுநீர் மேல் போட்டால் கிளம்பும் வாயு மனிதர்களுக்கும் ஆகாது. அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவமோ பூனைக்கு மூத்திர வாடையாகவே படும். இங்கேதான் போக வேண்டும் என்று நாமே போர்டு மாட்டுவது அது.

சரியான முறை இது. ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் என்சைம் உள்ள துணி சோப்புத்தூள் 100 கிராம் கரைத்து ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். கொதிநீரில் என்சைம் செத்துவிடும். பிறகு வெறும் தண்ணீரில் இரண்டு முறை அலசி, உலர்த்தி, சர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, அது ஆவியாகிப் போனபின் பூனையை விடுங்கள். பூனை மூத்திரத்துக்கென்றே விற்கும் என்சைம் திரவம் கிடைத்தால் இன்னும் நல்லது. ஆனால் மெத்தையில் மேலாகத் தெளித்துப் பயனில்லை. மூத்திரம் எவ்வளவு ஆழம் போனதோ அவ்வளவு ஆழம் திரவமும் போக வேண்டும். யூரிக் அமிலப் படிகம் தண்ணீரில் எளிதில் கரையாது. காய்ந்து அடங்கியிருந்து, மழைக்காலத்தில் ஈரம் பட்டதும் மறுபடி நாறும். இலவம்பஞ்சு மெத்தையானால் உறையைத் துவைத்து, நனைந்த பஞ்சை எடுத்தெறிந்துவிட்டுத் திரும்ப அடைப்பதே வழி. பழைய கறைகளைக் கண்டுபிடிக்க இரவில் விளக்கணைத்து யு.வி. டார்ச் அடித்தால் வெளிர்மஞ்சளாக ஒளிரும். மார்பிள் தரையில் வினிகரோ ஆசிட்டோ படவே கூடாது, கல் அரித்துவிடும்.

உடம்பும் டப்பாவும் சரியான பிறகும் பழைய இடத்துக்கே போகும் பூனையை ஒன்றிரண்டு வாரம் ஒரு சின்ன அறையில் வைக்கலாம். ஒரு கோடியில் படுக்கை, சாப்பாடு, தண்ணீர். மறுகோடியில் இரண்டு டப்பா, ஒவ்வொன்றிலும் வேறு லிட்டர். எதில் கட்டி அதிகம் விழுகிறது என்று பார்த்தால் அதன் விருப்பம் தெரியும். இது சிறைத்தண்டனை ஆகிவிடக்கூடாது. தினம் சில முறை போய் விளையாட வேண்டும். பத்து நாள் தவறாமல் டப்பாவில் போனபின் ஒவ்வோர் அறையாகத் திறந்துவிடுங்கள். பழைய இடத்தில் அந்த நாட்களில் சாப்பாட்டுத் தட்டை வையுங்கள். சாப்பிடும் இடத்தில் பூனை பொதுவாகப் போகாது.

மீன் மார்க்கெட்டைப் பற்றி. அங்கே சாப்பாடு கிடைக்குமே என்று சமாதானம் சொல்கிறார்கள். அங்கே ஏற்கனவே எல்லை பிரித்துக்கொண்ட கடுவன்களும் நாய்களும் இருக்கின்றன. வீட்டில் வளர்ந்த பூனை முதல் இரவே எங்காவது இடுக்கில் ஒளிந்து, பட்டினியில் கிடக்கும். கொழுத்த பூனை சில நாள் சாப்பிடாமல் இருந்தாலே ஈரலில் கொழுப்பேறிச் செத்துப்போகக்கூடும். பசியாலும் தாகத்தாலும் துன்பப்படும்படி விலங்கைக் கைவிடுவது 1960-ம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவில் குற்றம். முதல் முறைக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை என்று அச்சட்டம் எழுதிவைத்திருப்பதைப் படித்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

வீட்டில் மருமகள் உண்டானதும் கருவைப் பாதிக்கும் டாக்ஸோபிளாஸ்மா கிருமி தொற்றும் என்று பூனையை வெளியேற்றுவதும் நடக்கிறது. அந்தக் கிருமியின் முட்டை பூனையின் மலத்தோடு வெளிவந்து, தொற்றும் நிலையை அடையக் குறைந்தது ஒரு நாளாவது ஆகும். தினமும் டப்பாவைச் சுத்தம் செய்தால் அதற்கு அவகாசமே கிடைக்காது. பச்சை இறைச்சி தின்னாமல், எலி பிடிக்காமல் வீட்டுக்குள்ளேயே இருக்கும் பூனைக்கு அது வருவதே அரிது. அரைவேக்காட்டு இறைச்சியிலும் கழுவாத கீரையிலும்தான் ஆபத்து அதிகம். கர்ப்பிணி டப்பாவைத் தொட வேண்டாம். அந்தப் பத்து மாதமும் காலையும் மாலையும் கணவர் கட்டிகளை எடுத்துக் கொட்டிவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். வேறு ஆளே இல்லாவிட்டால் கையுறை மாட்டிக்கொண்டு செய்யலாம்.

இப்படிக்கு,
பூனைகளுக்கு மருத்துவம் பார்க்கும் இருவர்,
திருச்சிராப்பள்ளி